கார்த்திகையில் பார்த்த ஏரி

நேற்று எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது. அதன் பின்பக்கக் குழாய் எப்போதும்போல ஒழுகிக்கொண்டிருந்தது. தெருநாய் ஒன்று அந்த ஒழுகலுக்குக் கீழே போய் நின்று முதுகு முழுக்க நனைத்துக்கொண்டது. பிறகு என்ன தோன்றியதோ, நேராக எங்கள் வாசலுக்கு வந்து உடம்பை உதறியது. நாற்காலியில் கிடந்த பேப்பர், காலையில் போட்ட கோலம், என் புடவை எல்லாம் ஈரம். விரட்டக் கையைத் தூக்கினேன். அதற்குள் அந்த வாசனை வந்துவிட்டது. நனைந்த நாயின் வாசனை. பழைய சாக்கும் ஏரிச் சேறும் கலந்தாற்போல இருக்குமே, அதுதான். தூக்கிய கையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அழுதேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அழவில்லை. நீ போனதிலிருந்து எனக்கு எதுவுமே வரவில்லை. உன் காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் என்னைக் காட்டி, "இவங்கதான் ரொம்ப ஃப்ரெண்டாம்" என்று குசுகுசுத்தார்கள். எப்படியும் அழுவேன் என்று ஒருத்தி டம்ளரில் தண்ணீர்கூட எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். நான் அதைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் ஆபீஸ் போனேன். ரயில் உன் ஸ்கூல் இருக்கிற பல்லாவரம் வந்ததும் காலை ஒடுக்கி, நீ இறங்குவதற்கு வழி விட்டேன். பல மாதங்களாகவே நீ லீவு என்பது காலுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, நம் கன்னம் மாதிரியும் இருக்கும், யாருடையதோ மாதிரியும் இருக்கும். நான் இப்போது முழுசாக அப்படி இருக்கிறேன்.

அதனால்தான் எழுதுகிறேன். எழுதினாலாவது வலிக்கிறதா என்று பார்க்க. நீ கணக்கு டீச்சர். உன்னிடம் டியூஷன் படித்த பிள்ளைகளிடம் நீ சொல்வது எனக்கு மனப்பாடம்: "விடை எனக்கும் தெரியும். ஸ்டெப் எங்கே?" சரி, ஸ்டெப் ஸ்டெப்பாகவே போடுகிறேன்.

உன் அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்த சமயம். கிழக்குத் தாம்பரத்தில் ஏரியை ஒட்டி உன் அப்பா கட்டிய வீட்டில் நீ தனியாக இருந்தாய். கல்யாணத்தை நீயாகவே வேண்டாம் என்று சொல்லியிருந்தாய், அது வேறு கதை. பம்பாயில் இருந்த உன் தம்பி, வீட்டைப் பூட்டிவிட்டு அங்கே வா என்று போன் பண்ணிக்கொண்டே இருந்தான். நீ போகவில்லை. ஆனால் சாயங்காலம் தாம்பரத்தில் வண்டியை விட்டு இறங்கினால் வீட்டுக்குப் போக உனக்குக் கால் வராது. மார்க்கெட்டில் நின்று, ஒரு கட்டுக் கீரையைக் கையில் வைத்துக்கொண்டு என்னோடு பேசிக்கொண்டே இருப்பாய். என் வீட்டில் மாமியார், வீட்டுக்காரர், இரண்டு வாண்டுகள் எல்லாரும் பசியோடு காத்திருப்பார்கள். நான் கிளம்பினால், "போடி போ, உனக்குத்தான் வீடு இருக்கே" என்பாய். உனக்கும்தான் இருந்தது. அதில் உன்னைத் தவிர மூச்சு விடுகிறது எதுவும் இல்லை என்பதுதான் உன் குறை.

அப்போதுதான் மோத்தி வந்தது. உன்னிடம் டியூஷன் படித்த பெண்ணின் அப்பா விமானப்படை அதிகாரி. அவருக்கு வடகிழக்கு மூலையில் எங்கேயோ மாற்றல் ஆகிவிட்டது. அத்தனை தூரம் நாயைக் கொண்டுபோக முடியாது. நல்ல கை வேண்டும் என்று அந்தப் பெண்ணின் அம்மா தேடிக்கொண்டிருந்தாள். கறுப்பு லாப்ரடார். பார்த்தால் கன்றுக்குட்டி உயரம். "எனக்குக் குடுங்க" என்று நீ கேட்டுவிட்டு வந்து, மறுநாள் ரயிலில் என்னிடம் சொன்னாய்.

"உனக்கென்ன பைத்தியமா? காலைல ஏழரைக்குப் போனா அஞ்சரைக்கு வர்ற. அது வரைக்கும் அது என்ன பண்ணும், ரேடியோ கேக்குமா?" என்று நான் கத்தினேன்.

"நான் வந்தப்புறம் யாராவது வாசல்ல நிக்கணும்டி" என்றாய்.

அந்த அம்மாள் பஞ்சாப்காரி. சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை. உன் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். நானும் இருந்தேன். பெண் பார்க்க வந்தவர்களுக்குச் செய்கிற மாதிரி நீ கேசரி, பஜ்ஜி செய்து வைத்திருந்தாய். அவள் அதைத் தொடவேயில்லை. தாம்பரத்தில் இருந்த வருஷங்களில் கற்றுக்கொண்ட தமிழில் கேள்விகள்தான் கேட்டாள்.

"டீச்சர்ஜி, இது வாட்டர் டாக். தண்ணியில விழுந்த பறவையை எடுத்து வர்ற ஜாதி. கால் விரல் நடுவுல பாருங்க, வாத்து மாதிரி தோல். டெய்லி ஓடணும். டெய்லி நீச்சல் வேணும். இல்லேன்னா பாகல் ஆயிடும்." தலைக்குப் பக்கத்தில் விரலைச் சுற்றிப் பைத்தியம் என்று காட்டினாள். "காலைல வாக்கிங் போவீங்களா?"

"போவேன்" என்றாய். பால் பூத்துக்கு மேல் நீ நடந்து நான் பார்த்ததே இல்லை.

"பகல்ல யார் இருப்பாங்க?"

"பக்கத்து வீட்டு சார் ரிடையர் ஆனவர். பாத்துப்பார்." அந்த சாருக்கு அது தெரியாது.

"கறி, மீன் போடுவீங்களா?"

நீ முட்டையைக்கூட தூரத்தில் இருந்து பார்க்கிறவள். எச்சிலை விழுங்கிக்கொண்டு, "போடுவேன்" என்றாய்.

"நீச்சலுக்கு?"

நீ எழுந்தாய். எங்களை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனாய். கார்த்திகை மாதம். அந்த வருஷம் மழை ஜாஸ்தி. ஏரி உன் கொல்லைச் சுவர் வரை வந்து நின்றிருந்தது. அந்தக் கோடியில் ஏரி ரொம்பிக் கலங்கல் வழியாக உபரித் தண்ணீர் வழிகிற சத்தம் மாடி வரை கேட்டது. நாரைகள் உட்கார்ந்திருந்தன. அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "பெர்ஃபெக்ட்" என்றாள். நானும் தலையாட்டினேன். என் எதிர்ப்பெல்லாம் அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் போய்விட்டது.

அவள் வெளியூர்க்காரி, அவளை விடு. நீ அந்த ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவள். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பக்கத்துக்காரி. வெயில் காலத்தில் அந்த ஏரியில் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள் என்பது நம் இருவருக்கும் தெரியாதா? தெரியும். ஆனால் கார்த்திகையில் நின்றுகொண்டு சித்திரையை நினைத்துப் பார்க்க நம் ஊரில் ஒருத்தருக்கும் வராது. மழையில் மனை பார்த்து வெயிலில் கிணறு தோண்டுகிற கூட்டம்தானே நாம்.

மோத்தி வந்ததும் நீ ஆளே மாறிவிட்டாய். விடியற்காலையில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏரிக்கரையில் ஓடுவாய். நீ அதைப் பிடித்துக்கொண்டு போனாயா, அது உன்னை இழுத்துக்கொண்டு போனதா என்று தெரு முழுக்கப் பந்தயம் கட்டியது. மோத்தி என்றால் முத்து என்று யாரோ சொன்னார்கள். உடனே தமிழில் பெயர் வைத்து, "முத்து, முத்து, இங்க வாடா" என்று கூப்பிட ஆரம்பித்தாய். பக்கத்து வீட்டு ரிடையர்டு சார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே வந்தார். அவர் பெயர் முத்துசாமி. வீட்டில் அவரைக் கூப்பிடுவதும் முத்து. மறுநாளே அது பழையபடி மோத்தி ஆகிவிட்டது.

தேங்காய் மட்டையை நீ ஏரிக்குள் வீசுவாய். அது பாய்கிற பாய்ச்சலில் கரையில் நிற்கிற எல்லோருக்கும் அபிஷேகம் ஆகும். தலை மட்டும் தண்ணீருக்கு மேலே, கறுப்புச் சொம்பு மிதக்கிற மாதிரி போய், மட்டையைக் கவ்வி, திரும்பி வந்து உன் காலடியில் வைக்கும். மறுபடி வீசு என்று உன்னைப் பார்க்கும். நீ மட்டும் வீசவில்லை என்றால் தானே உள்ளே போய் எதையாவது எடுத்து வரும். ஒற்றைச் செருப்பு, அல்லித் தண்டு, யாரோ துவைத்து நழுவவிட்ட பாவாடை. மாட்டுப் பொங்கலன்று ஊர்க்காரர்கள் மாடுகளை ஏரியில் இறக்கிக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது இதுவும் நடுவில் போய்ச் சேர்ந்துகொண்டது. மாட்டுக்காரர் ஒருவர் கரையிலிருந்த நம்மைப் பார்த்து, "இன்னாம்மா நாயி இது, எரும கணக்கா நீந்துது! இதுக்கும் கொம்புல பெயிண்டு அடிச்சி வுடட்டா?" என்றார். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். உன் அம்மா போன பிறகு நீ அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அந்த நாய்க்கு நான் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

மீனும் வாங்கினாய். கோவளத்திலிருந்து பஸ்ஸில் கூடையோடு வந்து நம் தெருக்களில் மீன் விற்கிற அம்மா உன் வாசலில் நின்றதும் தெருவே எட்டிப் பார்த்தது. கொல்லையில் தனி அடுப்பு, தனிச் சட்டி. மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு நீ மீன் வேக வைக்கிற அழகைப் பார்க்க வேண்டுமே. "டீச்சரம்மா, அதுக்குக் கொஞ்சம் மொளகா போடு, சப்புனு கீது" என்று மீன்காரம்மா வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே சொல்வாள்.

மாசியில் கலங்கல் நின்றது. பங்குனியில் உன் கொல்லைச் சுவருக்கும் தண்ணீருக்கும் நடுவில் வெடித்த சேறு. அப்புறம் ஒரு குட்டை. பிறகு அந்தக் குட்டையும் பச்சைப் பாசியாகி, பன்றிகள் இறங்கி, ஒரு வாரத்தில் காய்ந்தது. மோத்தி தினமும் ஓடிப் போய்ப் பார்க்கும். தண்ணீர் இருந்த இடத்தில் நின்று தரையை முகரும். கால்களால் தோண்டும். உன்னைத் திரும்பிப் பார்க்கும். நீ மட்டையை வீசினால் அது பொத்தென்று மண்ணில் விழும். அதை எடுத்து வரக்கூடப் போகாது. பந்து பொறுக்குகிற பையன்களைப் பார்த்துக் குரைத்துவிட்டுத் திரும்பிவிடும்.

அந்தக் கோடையில் நம் பக்கம் முழுக்கத் தண்ணீர்ப் பஞ்சம். கிணறுகளில் வாளி தரையில் இடித்தது. தெருக்குழாய் காற்றைத்தான் துப்பியது. லாரி வருகிற நாளில் விடிவதற்கு முன்பே தெரு முழுக்க டிரம்மும் குடமும் வரிசையில் நிற்கும். ஆள் நிற்க முடியாதவர்கள் குடத்துக்குள் ஒரு கல்லைப் போட்டு இடம் பிடித்துவிட்டுப் போவார்கள். நீ ஒரு வாளியில் குளித்து, துணி அலசிய தண்ணீரை அண்டாவில் பிடித்து, அதில் மோத்தியை நிற்க வைத்துக் குவளையால் முதுகில் ஊற்றுவாய். அது கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து முத்துசாமி சாரின் மனைவி, நமக்குக் கேட்க வேண்டும் என்றே, "மனுஷாளுக்கே தொண்டை நனைக்க இல்ல, நாய்க்குக் குளியலாம்" என்பாள். அவள் சொன்னதில் தப்பில்லை. அதுதான் உன்னைக் குத்தியது.

பிறகு அந்த லாரி நாள். உன் வீட்டில்தான் இருந்தேன், என் குடங்களும் உங்கள் தெரு வரிசையில்தான் இருந்தன. லாரிக்காரர் ரப்பர் குழாயை முதல் டிரம்மில் விட்டுத் திறந்தார். அந்தச் சத்தம் கேட்டதும் மோத்தி கேட்டைத் தாண்டி ஒரே பாய்ச்சல். நேராக டிரம்முக்குள். டிரம் சாய்ந்து உருண்டது, அது அடுத்ததைத் தள்ளியது, லாரிக்காரர் பயந்து குழாயை விட்டுவிட்டு வண்டி மேல் ஏறிவிட்டார். குழாய் தெருவில் பாம்பு மாதிரி புரண்டது. பெண்கள் அலறிக்கொண்டு அதைப் பிடிக்க ஓடினார்கள். மோத்தி அதை விளையாட்டு என்று நினைத்துக் குழாயைக் கவ்விக்கொண்டு வாலை ஆட்டியது. ஒருவர் மேலே ஏறி வால்வை மூடுவதற்குள் பாதி லாரி சாக்கடைக்குப் போய்விட்டது. அடுத்த லாரி எப்போது என்று யாருக்கும் தெரியாது.

உன் வாசலில் தெருவே கூடியது. யாரும் கெட்ட வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தாலாவது நீயும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பாய். முத்துசாமி சார்தான் முன்னால் வந்து மெதுவாகக் கேட்டார். "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ஊருக்கு இந்த நாய் சரிப்பட்டு வருமா?"

உன் பங்குக்குக் கிடைத்த தண்ணீரை ஒவ்வொரு குடமாக எடுத்துப் போய், கைக்குழந்தை இருக்கிற வீடுகளில் ஊற்றிவிட்டு வந்தாய். அன்றிலிருந்து மோத்தியைக் கட்டிப் போட்டாய். அதற்கு நீ கட்டுகிறாய் என்பதே புரியவில்லை, கழுத்தை நன்றாக நீட்டிக் கொடுத்தது. இரண்டு நாள் கழித்து நான் வந்தபோது, காலியாகக் கிடந்த அந்த அண்டாவுக்குள் சுருண்டு படுத்திருந்தது. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. எழுந்திருக்கவில்லை. மீன் தொடாமல் கிடந்தது.

நான் வேகமாகத்தான் பேசினேன். "இன்னும் ரெண்டு மூணு மாசம்டி. ஆடியில ஒரு மழை வரும், ஐப்பசியில ஏரி ரொம்பிடும். அது வரைக்கும் ஓட்டு."

"அடுத்த சித்திரை?" என்றாய்.

"அப்போ பாத்துக்கலாம்."

"இப்படித்தானேடி போன தடவையும் பாத்தோம்" என்று சொல்லிவிட்டு, அண்டாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அதன் காதைத் தடவினாய். "எனக்கு இது வேணும். அது வேற கணக்கு. இதுக்கு நான் போதுமா? அது வேற கணக்கு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுத்தான் தப்புப் பண்ணிட்டேன்."

மீன்காரம்மா கேட்டதும் அந்த வாரம்தான். அவளுக்குக் கருவாடு காய வைக்கிற இடத்தில் காக்காயும் பூனையும் தொல்லை, ஒரு பெரிய நாய் வேண்டியிருந்தது. "எங்கூட்டாண்ட வுடும்மா. கடலு கீது. துன்றதுக்கு மீனு கீது. வேற இன்னா வேணும் அதுக்கு?" என்றாள். நீ அவளை உட்கார வைத்து, அந்தப் பஞ்சாப்காரி உன்னைக் கேட்ட அத்தனை கேள்வியையும் கேட்டாய். காலையில் யார் அவிழ்த்து விடுவார்கள், பகலில் யார் இருப்பார்கள், கட்டிப் போடுவீர்களா, அடிப்பீர்களா. அவள் வாயைப் பிளந்துகொண்டு, "இன்னாம்மா நீ, பொண்ணு குடுக்குற மாரி விசாரிச்சிகினு கீற!" என்றாள். அதோடும் நீ விடவில்லை. நல்ல வெயிலில், உச்சிப் பொழுதில் வந்து இடத்தைப் பார்ப்பேன் என்றாய். இளநீர் குடித்துக்கொண்டு சாயங்காலக் காற்றில் பார்த்தால் எந்த இடமும் நன்றாகத்தான் இருக்கும் என்று என்னிடம் சொன்னாய்.

பார்த்தோம். மணல் காலைச் சுட்டது. கருவாட்டு நாற்றத்தில் உனக்குக் குமட்டியது. படகுகளின் நிழலில் ஆட்கள் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். கடல் பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. அதற்குக் கார்த்திகையும் இல்லை, சித்திரையும் இல்லை. நீ ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சரி" என்றாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீன் வேனில் மோத்தியை ஏற்றிக்கொண்டு போனோம். அலையைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. குரைத்தது. அலை வந்து காலை நனைத்ததும் பின்வாங்கி உன் புடவையில் ஒட்டிக்கொண்டது. எனக்கு ஒரு நிமிஷம், சரிதான், இது திரும்பி வந்துவிடப் போகிறது என்று நப்பாசை வந்தது. உன் முகத்திலும் அதைத்தான் பார்த்தேன். நீ குனிந்து கழுத்துக் கயிற்றை அவிழ்த்தாய். தூரத்தில் ஒரு கட்டுமரம் கரைக்கு வந்துகொண்டிருந்தது. வலையின் மிதவை ஒன்று தனியாக ஆடிக்கொண்டிருந்தது. மோத்தி அதைப் பார்த்தது. உன்னைப் பார்த்தது. பிறகு பாய்ந்தது பார், ஏரியில் பாய்ந்ததெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அலை தலைக்கு மேல் போயிற்று, கறுப்புத் தலை அந்தப் பக்கம் எழுந்தது. மிதவையைக் கவ்விக்கொண்டு வந்தது. கட்டுமரத்து ஆள், "டேய், என் வலைடா!" என்று கத்த, கரையில் எல்லோரும் சிரித்தார்கள். அது மிதவையை யார் காலடியில் வைத்தது தெரியுமா? மீன்காரம்மா நின்ற இடத்தில். அவள்தான் தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றாள், அவ்வளவுதான் காரணம். ஆனால் நீ கயிற்றைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, "வா, பஸ் வந்துடும்" என்றாய்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாய். கேளம்பாக்கம் தாண்டும் வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாய். நீ உடைந்து அழுவாய் என்று நான் தோளைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தேன். நீ திரும்பி, "ராத்திரிக்கு என்ன டிபன் பண்ணப் போற?" என்று கேட்டாய். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. என்ன கல் மனசு இவளுக்கு என்று நினைத்தேன். இப்போது என் ஆபீஸில் உன் செய்தி கேட்டு வந்து நிற்கிறவர்களிடம் நான் கேன்டீன் மெனு பேசுகிறேன். அன்று உனக்கு என்ன ஆகியிருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

நீ பிறகு ஒரு தடவைகூடக் கோவளம் போகவில்லை. நான் கூப்பிட்டதற்கு, "நான் போனா அதுக்கு ரெண்டு வீடாயிடும். ஒண்ணு போதும்" என்றாய். மீன்காரம்மா கூடையை இறக்கும்போதெல்லாம் சொல்வாள், "உம் புள்ள நல்லாகீதும்மா. கடலவுட்டு ஏற மாட்டேங்குது." நீ தலையை ஆட்டிக்கொள்வாய். அந்த வருஷம் மழை பெய்து ஏரி மறுபடி கொல்லைச் சுவருக்கு வந்தது. நான் ஓடி வந்து, "பாரு, ரொம்பிடுச்சு, போய்க் கூட்டிட்டு வரலாம்" என்றேன். நீ மாடிக்கே வரவில்லை. "இதைப் பாத்துத்தானே ஏமாந்தோம்" என்று சொல்லி, டியூஷன் பிள்ளைகளுக்குக் கரும்பலகையைத் துடைக்கப் போய்விட்டாய்.

அதற்கப்புறம் வருஷங்கள் எப்படிப் போயின என்று தெரியவில்லை. நாங்கள் கூடுவாஞ்சேரியில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு வந்தோம். நீ அதே வீட்டில், அதே ரயிலில். போன வருஷம் உனக்கு உடம்புக்கு வந்தது. ஆபரேஷன் முடிந்து உன்னை வீட்டில் கொண்டுவந்து விட்டபோது, எழுந்து வாசல் விளக்கைப் போட உனக்கு இரண்டு தடவை சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. நான் அன்றே சொல்லிவிட்டேன். "போதும். பூட்டு வீட்டை. எங்க வீட்டுக்கு வந்துடு."

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. கார்த்திகை. நீ கட்டிலில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்தாய். பிறகு அந்தப் பழைய கேள்விகளை ஆரம்பித்தாய்.

"பகல்ல யார் இருப்பாங்க?"

"மாமியார் இருக்காங்க."

"அவங்களுக்கே ஒருத்தர் வேணும். தண்ணி?"

"போர் போட்டிருக்கோம், நல்லாத்தான் வருது."

"இப்போ வரும். பாத்ரூம் ஒண்ணுதானே? உன் பெரியவனுக்கு மார்ச்சுல பரீட்சை இல்ல? நான் ராத்திரியெல்லாம் வாந்தி எடுப்பேன்டி. உன் வீட்டுக்காரர் ஒரு வாரம் ஒண்ணும் சொல்ல மாட்டார். ரெண்டாவது வாரம் பேப்பரை முகத்துக்கு நேரா பிடிச்சுப்பார்."

"நீ என்ன நாயா, இத்தனை விசாரணை?" என்று கத்தினேன்.

நீ சிரித்தாய். அன்று மாட்டுப் பொங்கலுக்குச் சிரித்த மாதிரி இல்லை, உதடு மட்டும். "அதைவிட ஜாஸ்தி தண்ணி கேக்கிற ஜாதிடி நான் இப்போ." அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "கோவிச்சுக்காத. இது கார்த்திகை. உனக்கு மனசு ரொம்பி இருக்கு, எல்லாம் ரொம்பித்தான் தெரியும். என்னைச் சித்திரையில கேளு. வீட்டையெல்லாம் நல்லா சுத்திப் பாத்துட்டுக் கேளு. அப்பவும் வான்னு சொன்னா, பெட்டியைத் தூக்கிண்டு வந்துடறேன்."

நான் ஒப்புக்கொண்டேன். உன்னிடம் வாதாடி ஜெயித்தவர்கள் உண்டா? தை, மாசி என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து ரசம் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனேன். ஒவ்வொரு தடவையும் நாக்கு நுனி வரை வரும். இன்னும் சித்திரை வரவில்லையே என்று விழுங்கிவிடுவேன். நீ பங்குனியில் போய்விட்டாய்.

இன்று மாமியாரைத் தவிர எல்லோரும் வெளியே போன பிறகு, உச்சி வெயிலில் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். நீ பார்ப்பாயே, அந்தக் கண்ணால். போர் காற்றை இறைக்கிறது. மோட்டாரை அணைத்துவிட்டேன். ஒரு டிரம் தண்ணீரை இரண்டு நாளைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். மாமியாருக்கு முழங்கால் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பாத்ரூம் போகிறார். அது ஒன்றுதான் இருக்கிறது. பெரியவன் பரீட்சை சரியாக எழுதவில்லை என்று வீட்டில் தினமும் ஒரு சண்டை. அதில் என் வீட்டுக்காரர் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்கிறார், நீ சொன்ன மாதிரியே. உன் கட்டிலைப் போடலாம் என்று நான் நினைத்திருந்த ஜன்னலோரத்தில் மேற்கு வெயில் அடுப்பாகக் கொளுத்துகிறது. பகலில் உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நான் லீவு போட்டால் எத்தனை நாளைக்குப் போடுவேன்?

நீ கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் விடை இல்லை என்றுதான் வருகிறது. ஸ்டெப் எல்லாம் உன்னுடையதுதான் சரி. இந்த வீட்டுக்கு நீ சரிப்பட்டு வரமாட்டாய். இப்போது சித்திரை, நான் நன்றாகச் சுற்றிப் பார்த்துவிட்டேன்.

வா.